மெட்டாலிகாவின் 'ஜஸ்டிஸ்' ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க த்ராஷ் மெட்டல் குழுவான மெட்டாலிகா 1988-இல் வெளியிட்ட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பேஸ் (கீழ்சுரக் கிட்டார்) எங்கே, கோபம் யார் மேல், கிராமி இசை விருதுக் கதை உண்மையா என்று அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்து, தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஆல்பத்தைச் சுருக்கமாக 'ஜஸ்டிஸ்' என்றே குறிப்பிடுகிறேன்.

த்ராஷ் மெட்டல்னா என்ன? வேகமா வாசிச்சுக் கத்துறதுதானே?

வேகம் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. 1970-களின் இறுதியில் பிரிட்டனில் கிளம்பிய ஹெவி மெட்டல் அலையின் கிட்டார் நுணுக்கத்தையும், அமெரிக்க ஹார்ட்கோர் பங்க்கின் வேகத்தையும் எரிச்சலையும் ஒன்றாகச் சேர்த்தால் த்ராஷ். உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கிப் பிடித்து, கீழ்நோக்கியே அடித்து வாசிக்கும் இறுக்கமான ரிதம் கிட்டார்தான் இதன் உயிர். 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், குறிப்பாக சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், இது வேர்விட்டது. மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆகிய நான்கையும் 'பெரிய நால்வர்' என்பார்கள்.

பங்க்கிடமிருந்து வந்தது வேகம் மட்டுமல்ல, நாட்டு நடப்பைப் பாடும் பழக்கமும்தான். அணு ஆயுதம், போர், போலி மதபோதகர்கள், காசுக்கு விலைபோகும் அரசியல் எல்லாம் த்ராஷ் பாடல்களில் சாதாரணமாகப் புழங்கியவை.

ஆல்பத்தைப் பத்தி அடிப்படை விவரம் மட்டும் சொல்லுங்க.

மெட்டாலிகாவின் நான்காவது ஸ்டூடியோ ஆல்பம். எலெக்ட்ரா நிறுவனம் 1988 ஆகஸ்டில் வெளியிட்டது. ஒன்பது பாடல்கள், மொத்தம் 65 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நீளம் காரணமாக எல்.பி. வடிவில் இரண்டு இசைத்தட்டுகளாக வந்தது. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பாட்டும் ரிதம் கிட்டாரும், லார்ஸ் உல்ரிச் டிரம்ஸ், கர்க் ஹாமெட் லீட் கிட்டார், ஜேசன் நியூஸ்டெட் பேஸ். அமெரிக்காவில் பில்போர்ட் பட்டியலில் 6-ஆம் இடம், பிரிட்டனில் 4-ஆம் இடம் வரை போனது.

இன்னொரு விவரம் தெரியாமல் இந்த ஆல்பம் முழுசாகப் புரியாது. முந்தைய மூன்று ஆல்பங்களிலும் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன், 1986 செப்டம்பர் 27 அதிகாலையில் ஸ்வீடனில் சுற்றுப்பயணப் பேருந்து கவிழ்ந்து இறந்துபோனார். வயது 24. அவர் இல்லாமல் குழு போட்ட முதல் முழு ஆல்பம் இது.

பேர் ஏன் மூணு புள்ளியில ஆரம்பிக்குது?

அது ஒரு வாசகத்தின் கடைசித் துண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் தேசியக் கொடியைப் பார்த்துச் சொல்லும் விசுவாச உறுதிமொழி, எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும் என்ற பொருளில் முடியும். 1892-இல் எழுதப்பட்ட உறுதிமொழி அது. அமெரிக்காவில் வளர்ந்த யாருக்கும் புள்ளிக்கு முன்னால் இருப்பது தானாகவே மனசுக்குள் ஓடிவிடும். சிறுவயதில் அர்த்தம் புரியாமல் தினமும் ஒப்பித்த வரியை எடுத்து, 'சரி, எங்கே அந்த நீதி?' என்று கேட்கிறது ஆல்பம்.

அரசியல் ஆல்பம்னு சொல்றாங்களே, இவங்க எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. அமெரிக்க அதிபர் ரேகன் ஆட்சியின் கடைசி ஆண்டில் வந்த ஆல்பம்தான், ஆனாலும் ஒரு தலைவர் பெயரோ கட்சிப் பெயரோ எங்கும் கிடையாது. அதே காலத்து த்ராஷ் குழுவான சேக்ரெட் ரீக், நிகரகுவாவில் அமெரிக்கா மூக்கை நுழைத்ததை நாட்டின் பெயரைச் சொல்லியே பாடியது. மெட்டாலிகா அந்த வழியில் போகவில்லை. ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும் சி.என்.என். செய்தியைப் பார்த்துக்கொண்டு பாட்டுக்கு விஷயம் தேடிய காலம் அது என்று உல்ரிச் பின்னாளில் சொல்லியிருக்கிறார். செய்தியில் எடுத்தார்கள், ஆனால் செய்தியாகப் பாடவில்லை.

என் பார்வையில் இந்த ஆல்பத்தின் அரசியல் ஒரே இடத்தில் இருக்கிறது: தன் பேச்சு எடுபடாத இடத்தில் மாட்டிக்கொண்ட மனிதன். வழக்கில் தோற்பவன், கரும்பட்டியலில் பெயர் ஏறியவன், போரில் சிதைந்த சிப்பாய், வீட்டுக்குள் வாயடைத்து வளர்ந்த பிள்ளை. பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுகிறான், நிலைமை மாறவில்லை. ஆட்சிகள் பல மாறியும் இது பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒவ்வொரு பாட்டும் எதைப் பத்தினது?

'பிளாக்கண்ட்' பூமியை மனிதன் எரித்துக் கருக்குவதைப் பாடுகிறது. தொடக்கத்தில் மெல்ல எழும்பி வரும் அந்த விநோதமான கிட்டார் ஒலி, அடுக்கடுக்காக வாசித்துப் பதிந்து பின்னோக்கி ஓடவிட்டது. தலைப்புப் பாடல், பணம் இருப்பவன் பக்கம் சாயும் நீதிமன்றத்தைப் பற்றியது. 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' பேச்சுச் சுதந்திரம் பற்றியது: தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவுசெய்யும் சுதந்திரம். 1985-இல்தான் பாடல் வரிகளைக் கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்து, ஆல்பங்களின்மேல் பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டும் வழக்கம் வந்தது. அந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது எழுதப்பட்ட பாட்டு என்பதை மறக்க வேண்டாம்.

'ஒன்', 'தி ஷார்டெஸ்ட் ஸ்ட்ரா' இரண்டுக்கும் கீழே தனியாகவே பதில் இருக்கிறது. 'ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ' தன் ஆத்திரத்தைக் குடும்பத்தின்மீதே கொட்டும் ஒருவனின் கதை. 'தி ஃப்ரேய்ட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி' புத்தி பிசகும் பயத்தைப் பற்றியது. குழு இதை மேடையில் முழுசாக வாசிக்க 2014 வரை ஆனது. 'டு லிவ் இஸ் டு டை' பத்து நிமிடத்தை நெருங்கும் வாத்திய இசை. பர்ட்டன் விட்டுச்சென்ற ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளை) கோத்து உருவாக்கியது, நடுவில் சில வரிகளை ஹெட்ஃபீல்ட் பேச்சாகச் சொல்வார். எழுதியவர்கள் பட்டியலில் பர்ட்டன் பெயரும் இருக்கிறது.

கடைசிப் பாட்டு அப்பா அம்மாவைத் திட்டுற மாதிரி இருக்கே? அரசியல் ஆல்பத்துல அது எதுக்கு?

'டையர்ஸ் ஈவ்' பெற்றோருக்கு ஒரு மகன் எழுதும் கடிதம் போன்றது. உலகமே தெரியாமல் பொத்திப் பொத்தி வளர்த்துவிட்டு, திடீரென்று வெளியே தள்ளிவிட்டீர்களே என்ற ஆத்திரம். ஹெட்ஃபீல்டின் பெற்றோர் கிறிஸ்டியன் சயன்ஸ் என்ற மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மருத்துவத்தை நம்பாமல் பிரார்த்தனையை நம்பும் பிரிவு அது. அவருடைய தாய் புற்றுநோய் வந்தும் சிகிச்சை எடுத்துக்கொள்ளாமல் இறந்தபோது ஹெட்ஃபீல்டுக்கு வயது 16.

இதை வெறும் சொந்தக் கதை என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. நீதிமன்றம், அரசாங்கம், ராணுவம் என்று பெரிய கட்டடங்களில் தொடங்கிய ஆல்பம், ஒரு மனிதன் முதன்முதலில் கட்டளைக்குப் பணிந்த இடமான வீட்டில் வந்து முடிகிறது. ஆல்பத்திலேயே குட்டையான, ஆனால் மூச்சுவிடாமல் ஓடும் பாட்டு இது.

'ஒன்' பாட்டு உண்மைக் கதையா?

இல்லை, நாவலிலிருந்து வந்தது. அமெரிக்க எழுத்தாளர் டால்டன் ட்ரம்போவின் 'ஜானி காட் ஹிஸ் கன்' 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நேரத்தில் வெளியானது. கதை முதல் உலகப் போரில் நடக்கிறது. குண்டு விழுந்து கை, கால், கண், காது, வாய் எல்லாம் போன ஜோ போனம் என்ற இளைஞன் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான். நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. தலையைத் தலையணையில் தட்டித் தட்டி, மோர்ஸ் குறியீட்டில் வெளியே இருப்பவர்களிடம் பேசப் பார்க்கிறான். 1971-இல் ட்ரம்போவே இதைப் படமாகவும் இயக்கினார்.

பாட்டில் சின்ன மாற்றம் உண்டு. நாவலில் பீரங்கிக் குண்டு, பாட்டில் கண்ணிவெடி. ஹெட்ஃபீல்ட் வெளியிலிருந்து கதை சொல்லவில்லை, அந்த உடம்புக்குள்ளிருந்து பேசுகிறார். இசை போகும் விதத்தையும் கவனியுங்கள். போர்க்கள ஓசை, அப்புறம் தெளிவான ஒற்றைக் கிட்டார், தாழ்ந்த குரல். பாட்டின் பாதியைத் தாண்டிய பிறகு, டிரம்ஸின் இரட்டை மிதியும் கிட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடிக்கத் தொடங்கும். அந்த இடத்துக்கு மேல் அவன் கதறலை வாத்தியங்களே ஏற்றுக்கொள்கின்றன. ஹாமெட்டின் கடைசி சோலோ (தனிக் கிட்டார் வாசிப்பு) முடிந்து எல்லாம் சட்டென்று நிற்கும்போது, பாட்டு முடிந்ததா அறுந்ததா என்றே தெரியாது.

அந்தப் பாட்டுல சாகணும்னு கெஞ்சுறானே. கருணைக்கொலைக்கு ஆதரவா பாடுறாங்களா?

அப்படிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது போதாது என்று படுகிறது. பாட்டு அவனுடைய வேண்டுதலைச் சொல்கிறது, தீர்ப்புச் சொல்லவில்லை. நாவலில் ஜோ முதலில் கேட்பது சாவை அல்ல, தன்னை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுங்கள், போர் என்றால் என்னவென்று ஜனங்கள் பார்க்கட்டும் என்பதைத்தான். அதற்கு அனுமதி மறுக்கப்படுகிறது. முன்னால் சொன்னேனே, பேச்சு எடுபடாத மனிதன் என்று, அவனுடைய உச்ச வடிவம் இது. அவனுடைய பேச்சு கடைசியில் புரிந்துவிடுகிறது. புரிந்தும் யாரும் செவிசாய்க்கவில்லை என்பதுதான் கொடுமை.

'தி ஷார்டெஸ்ட் ஸ்ட்ரா' யாரைப் பத்தினது?

கரும்பட்டியலில் போடப்பட்டவர்களைப் பற்றியது. 1940-களின் பிற்பகுதியிலும் 50-களிலும் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தது. திரைத்துறையினரைக் கூப்பிட்டு, நீ கட்சி உறுப்பினரா, உன் நண்பர்கள் யார் யார் என்று நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பதில் சொல்ல மறுத்தவர்களுக்கு ஸ்டூடியோக்கள் வேலை தரவில்லை. சாட்சியம் தேவைப்படவில்லை, சந்தேகமே போதுமாக இருந்தது.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் இணைப்பு உண்டு. 1947-இல் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போன 'ஹாலிவுட் பத்துப் பேரில்' ஒருவர் டால்டன் ட்ரம்போ. ஆம், 'ஒன்' பாட்டுக்குக் கதை கொடுத்த அதே மனிதர். வெளியே வந்தபின் பல ஆண்டுகள் வேறு பெயர்களில் எழுதிப் பிழைத்தார். 1960-இல்தான் அவருடைய பெயர் மறுபடி திரையில் வந்தது. ஆல்பத்தில் அடுத்தடுத்து வரும் நான்காவது, ஐந்தாவது பாடல்களில் ஒன்று அவருடைய கதை, இன்னொன்று அவர் பட்ட பாடு. திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கனம் கூடுகிறது.

அட்டைப்படத்துல இருக்கிற சிலை என்ன?

கண்ணைக் கட்டிய நீதிதேவதை. வழக்கமாகக் கம்பீரமாக நிற்பவளை இதில் கயிறுகளால் கட்டி இழுக்கிறார்கள். உடம்பெல்லாம் விரிசல், தராசுத் தட்டுகளில் டாலர் நோட்டுகள். ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும் சொன்ன யோசனையை ஸ்டீபன் கோர்மன் வரைந்தார். ஆல்பத்தை ஒட்டி 1988-89-இல் நடந்த 'டேமேஜ்ட் ஜஸ்டிஸ்' சுற்றுப்பயணத்தில் இதே சிலையைப் பெரிதாகச் செய்து மேடையில் நிறுத்தினார்கள், கச்சேரியில் அது இடிந்து விழும். குழுவினர் அதற்கு டோரிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கே, எப்படிப் பதிவு செஞ்சாங்க?

லாஸ் ஏஞ்சல்ஸில், ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில், 1988 ஜனவரி இறுதியிலிருந்து மே தொடக்கம் வரை. முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்த டென்மார்க்காரர் ஃபிளெமிங் ராஸ்முசன் அப்போது வேறு வேலையில் இருந்ததால், கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஆல்பத்தைச் செய்த மைக் கிளிங்க்கை வைத்து ஆரம்பித்தார்கள். ஒத்துவரவில்லை. சில வாரங்களில் ராஸ்முசனுக்கே அழைப்புப் போனது. கிளிங்க்குடன் பதிந்ததில் இரண்டு பாடல்களின் டிரம்ஸ் ஆல்பத்தில் தங்கியது.

அந்தக் காலத்தில் கணினியில் வெட்டி ஒட்டும் வசதி இல்லை. டிரம்ஸைப் பலமுறை வாசித்து, நல்ல பகுதிகளைத் தேர்ந்து, டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். அந்தத் துல்லியத்துக்குக் கொடுத்த விலை, உணர்ச்சியில்லாத இறுக்கம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்த இறுக்கம் விஷயத்துக்குப் பொருந்தியே தெரிகிறது. இன்னொரு பக்கம், மே இறுதியில் வான் ஹேலன் என்ற ராக் குழுவின் தலைமையில் அமெரிக்காவைச் சுற்றிய 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' பயணம் காத்திருந்தது. ஹாமெட் தன் சோலோக்களை அவசரம் அவசரமாக முடிக்க வேண்டியதாயிற்று.

பாட்டெல்லாம் ஏன் இவ்வளவு நீளம்?

தலைப்புப் பாடல் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு ரிஃப் வந்து, இன்னொன்று வந்து, தாளம் மாறி, வேகம் மாறி, மறுபடி முதலுக்குத் திரும்பும். வாசிக்கத் தெரிந்ததை எல்லாம் நிரூபிக்க வேண்டும் என்ற துடிப்பு அதில் இருந்தது. பர்ட்டன் போனபின் 'இனி இவர்களால் முடியுமா' என்று கேட்டவர்களுக்குப் பதிலாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா நீளமும் தேவையா என்றால், இல்லை. 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' ஒரு நிமிடம் குறைந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் தலைப்புப் பாடலை வெட்டச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன். வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும் வழக்கைப் பற்றிய பாட்டு இழுத்துக்கொண்டே போவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

சரி, பேஸ் எங்கே?

டேப்பில் இருக்கிறது, மிக்ஸில், அதாவது வாத்தியங்களைக் கலந்த இறுதி ஒலியில், இல்லை. நியூஸ்டெட் முழு ஆல்பத்துக்கும் வாசித்தார். வாசிப்பு அருமையாக இருந்தது என்று ராஸ்முசன் பலமுறை சொல்லியிருக்கிறார். மிக்ஸிங்கை நியூயார்க் மாநிலத்தில் உள்ள பேர்ஸ்வில் ஸ்டூடியோவில் ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியேரோவும் செய்தார்கள். ராஸ்முசன் அங்கே இல்லை. ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும் சுற்றுப்பயணத்துக்கு இடையில் வந்து வந்து போனார்கள். பேஸைக் குறைக்கச் சொன்னது உல்ரிச்தான், காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் அளவுக்குக் குறைத்தபின் இன்னும் குறை என்றார் என்று தாம்சன் 2015-இல் ஒரு பேட்டியில் சொன்னார். நாள்தோறும் மேடை ஒலியில் தங்கள் காது மந்தமாகியிருந்தது என்பது ஹெட்ஃபீல்ட் பக்கத்து விளக்கம்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஹெட்ஃபீல்ட் ரிதம் கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்து, அதன் கீழ்சுரத்தை மிகவும் தூக்கியிருந்தார். நியூஸ்டெட் பெரும்பாலும் அதே ரிஃப்பைக் கிட்டாரோடு ஒட்டியே வாசித்தார். டிரம்ஸின் கால் மிதியில் 'டிக்' என்ற மேலோசை தூக்கலாக இருக்கிறது. பேஸ் உட்கார வேண்டிய இடத்தைக் கிட்டார் பிடித்துக்கொண்டதால், ஒலியளவைக் குறைத்ததும் பேஸ் அடையாளம் தெரியாமல் கரைந்துவிட்டது.

அப்போ நியூஸ்டெட்டை வேணும்னே பழிவாங்கினாங்களா?

பழி என்று முத்திரை குத்துவதற்கு முன் தெரிந்ததை மட்டும் பார்ப்போம். பர்ட்டன் இறந்த சில வாரங்களிலேயே, ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் குழுவிலிருந்து நியூஸ்டெட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். துக்கம் ஆறவில்லை. புதியவர்மேல் கிண்டலும் சீண்டலும் தொடர்ந்தன, இதை அவர்களே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். பேஸ் பதிவின்போது நியூஸ்டெட்டுடன் இருந்தது ஓர் உதவிப் பொறியாளர் மட்டும், இப்படி வாசி அப்படி வாசி என்று வழிகாட்ட ஆள் இல்லை. மிக்ஸிங்கில் அவருக்குப் பேச்சே இல்லை. திட்டம் போட்டுச் செய்ததல்ல என்று உல்ரிச் சொல்லிவந்திருக்கிறார்.

வேண்டுமென்று செய்யாமலே ஒருவருக்கு அநியாயம் நடக்கும், இது அந்த வகை என்று நினைக்கிறேன். ஆல்பத்தைத் திறந்துவைக்கும் 'பிளாக்கண்ட்' பாடலின் முக்கிய ரிஃப் நியூஸ்டெட் கொண்டுவந்தது. அந்தப் பாட்டிலேயே அவர் வாசித்தது கேட்காது. 2001 ஜனவரியில் அவர் குழுவை விட்டு விலகினார்.

2018-ல மறுபடி வெளியிட்டப்போ பேஸைச் சேர்த்திருக்கலாமே? ரசிகர்கள் செஞ்ச பதிப்பைக் கேக்கலாமா?

2018 நவம்பரில் வந்தது ரீமாஸ்டர், ரீமிக்ஸ் அல்ல. மாஸ்டரிங்கில் முடிந்துபோன கலவையின் ஒட்டுமொத்த ஒலியைத்தான் சீர்செய்ய முடியும், உள்ளே இருக்கும் ஒரு வாத்தியத்தைத் தனியாகத் தூக்க முடியாது. கலவையை மாற்ற வேண்டாம், அந்தந்த ஆல்பம் அந்தந்தக் காலத்தின் பதிவாகவே இருக்கட்டும் என்பது குழுவின் நிலை.

ரசிகர்கள் தாங்களே பேஸ் வாசித்துச் சேர்த்த பதிப்புகள் நிறைய உலவுகின்றன. தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதில் கேட்பது நியூஸ்டெட்டை அல்ல. அவரைக் கேட்க வேண்டுமானால் 1989 ஆகஸ்டில் சியாட்டிலில் நடந்த கச்சேரியின் பதிவைத் தேடிப் பாருங்கள், 1993-இல் வெளியான மெட்டாலிகாவின் நேரலைத் தொகுப்பில் இருக்கிறது. 'பிளாக்கண்ட்' அங்கே கால் ஊன்றி நிற்கிறது.

கிராமியில புல்லாங்குழல் குழுகிட்ட தோத்தாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம். 1989 பிப்ரவரியில் ஹார்ட் ராக், மெட்டல் இரண்டையும் சேர்த்து கிராமி முதன்முதலாக ஒரு விருது வைத்தது. 'ஜஸ்டிஸ்' பரிந்துரையில் இருந்தது, அன்றைய மேடையிலேயே குழு 'ஒன்' வாசித்தது. எல்லோரும் முடிவு தெரிந்தது என்றே நினைத்தார்கள். ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் உறையைப் பிரித்துப் படித்த பெயர் ஜெத்ரோ டல். இயன் ஆண்டர்சனின் புல்லாங்குழலுக்குப் பேர்போன பிரிட்டிஷ் குழு அது. அவர்கள் அரங்குக்கே வரவில்லை.

ஜெத்ரோ டல்லைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர்கள் நல்ல குழு. வாக்களித்தவர்களுக்கு அந்தப் புதிய இசை பரிச்சயமில்லை, தெரிந்த பெயருக்குக் குத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஹார்ட் ராக்கையும் மெட்டலையும் தனித்தனி விருதாகப் பிரித்தார்கள். 1990-இல் மெட்டல் விருது 'ஒன்' பாடலுக்கு வந்தது, மெட்டாலிகாவின் முதல் கிராமி அதுதான்.

வீடியோவே எடுக்க மாட்டோம்னு இருந்தவங்க 'ஒன்'னுக்கு எடுத்தது சமரசம் இல்லையா?

அன்றைக்கு அப்படிச் சொல்லிக் கொதித்த ரசிகர்கள் உண்டு. மூன்று ஆல்பங்கள் வரை எம்.டி.வி. என்ற இசைத் தொலைக்காட்சி பக்கமே போகாமல், கச்சேரிகளாலும் கையிலிருந்து கைக்குப் போன கேசட்டுகளாலும் வளர்ந்த குழு. 1989 ஜனவரியில் 'ஒன்' வீடியோ வந்தபோது பலருக்கு வலித்தது.

வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பில் போப், மைக்கேல் சாலமன் இருவரும் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். குழு ஒரு கிடங்கில் வாசிக்கிறது, நடுநடுவே ட்ரம்போவின் படத்திலிருந்து காட்சிகளும் வசனங்களும் பாட்டின் மேலேயே ஏறி ஒலிக்கின்றன. படத்தின் உரிமையைக் குழுவே வாங்கிவிட்டது. போரில் சிதைந்த ஓர் உடம்பு, ஏழு நிமிடத்துக்கும் மேல், தொலைக்காட்சியில் ஓடியது. பாட்டு அமெரிக்காவின் முதல் நாற்பது பாடல்களுக்குள் நுழைந்து 35-ஆம் இடம் வரை போனது. சந்தைக்குப் போனார்கள்தான், ஆனால் சரக்கை மாற்றிக்கொண்டு போகவில்லை.

பணத்தைத் திட்டிப் பாடி, அதுலயே பணம் சம்பாதிச்சாங்க. இது இரட்டை வேடம்தானே?

அமெரிக்காவில் மட்டும் எட்டு மடங்கு பிளாட்டினம், அதாவது 80 லட்சம் பிரதிகள் என்று 2003-இல் சான்று கிடைத்தது. நியாயமான கேள்விதான். ஆனால் தலைப்புப் பாடல் பணம் சம்பாதிப்பதைத் திட்டவில்லை, தீர்ப்பைப் பணம் வாங்குவதைத் திட்டுகிறது. இரண்டும் வேறு வேறு.

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: பாடியதில் நிலையாக நின்றார்களா? அதே ஹெட்ஃபீல்ட் 1991 ஆல்பத்தில் அமெரிக்கப் புரட்சிக் காலக் கொடியின் வாசகத்தையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டுப் பாடினார். வளைகுடாப் போர் நேரத்தில் வந்ததால் போர் ஆதரவுப் பாட்டு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் நான்காவது கேள்விக்கான பதிலில் கட்சி இல்லை என்றேன். இவர்களிடம் கொள்கை விளக்கம் தேடினால் ஏமாற்றம்தான். மாட்டிக்கொண்ட மனிதனின் வேதனையைத் தேடினால் 'ஜஸ்டிஸ்' கைவிடாது.

இதுக்கப்புறம் ஏன் இந்த மாதிரி ஒண்ணு செய்யவே இல்லை?

மேடையில் களைத்துவிட்டார்கள். தலைப்புப் பாடலை வாசிக்கும்போது கூட்டம் கொட்டாவி விடுவதைத் தாங்களே பார்த்ததாக ஹாமெட் சொல்லியிருக்கிறார். சுற்றுப்பயணம் முடிந்தபின் அந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் முழுசாகத் தொடவில்லை. அடுத்து பாப் ராக் என்ற தயாரிப்பாளருடன் 1991-இல் செய்த ஆல்பத்தில் பாடல்கள் சுருங்கின, வேகம் தணிந்தது, பேஸ் நன்றாகவே கேட்டது. விற்பனை பல மடங்கு கூடியது. 'ஜஸ்டிஸ்' மாதிரியே அடுத்த ஆல்பமும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்றால், எனக்குச் சந்தேகமே. இந்த வழியில் போகக்கூடிய தூரம் வரை அவர்கள் போய்விட்டார்கள்.

வரி புரியலை, குரலும் தெளிவா இல்லை. எப்படிக் கேக்கத் தொடங்குறது?

'ஒன்' பாட்டில் தொடங்குங்கள், வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு. அடுத்து 'தி ஷார்டெஸ்ட் ஸ்ட்ரா', அப்புறம் 'பிளாக்கண்ட்'. இந்த மூன்றும் பழகியபின் தலைப்புப் பாடலுக்குப் போங்கள். முதலிலேயே அதில் இறங்கினால் சலிப்புத் தட்டும். 'டு லிவ் இஸ் டு டை' பாடலைக் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள், அதன் நடுப்பகுதியில் வேகமெல்லாம் அடங்கி வரும் அமைதியான கிட்டார், மற்ற பாடல்களின் இரைச்சலைக் கடந்து வந்தவருக்குத்தான் முழுசாக வேலை செய்யும்.

ஒலி வறண்டு இருக்கிறது என்று பட்டால், கருவியில் பேஸைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம். கிட்டாரின் கீழ்சுரம்தான் கூடும், நியூஸ்டெட் வரமாட்டார். காரணம் மேலே சொன்னதுதான். ஒருமுறையாவது எதையும் தொடாமல், ஒன்பது பாடல்களையும் வரிசையாக, ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.